எலி லோஞ்ச்

எலியைப் பொறிவைத்துப் பிடித்து அவமானம் தேடிக்கொண்ட நாடுகள் உலகத்தில் எத்தனையோ. எலியின் சுகத்துக்கென்றே கடலில் மோட்டார்ப் படகு இறக்கிய பெருமை நமது அரசாங்கம் ஒன்றுக்கே உண்டு.

எழுபத்தாறாம் ஆண்டு, நெடுந்தீவின் கல்வேலிகளுக்குள் வாழும் செம்பட்டை எலி உலகில் வேறெங்கும் இல்லையென்று கொழும்பு நிபுணர் ஒருவர் கண்டுபிடித்தார். மூன்றே கிழமையில் 'சுதேச எலிப் பாதுகாப்புச் சபை' கூடியது. நோயுற்ற எலிகளை யாழ்ப்பாணம் கொண்டுபோக லோஞ்ச் ஒன்றும் இறங்குதுறைக்கு வந்து சேர்ந்தது.

கிராமசேவகர் தியாகலிங்கத்துக்குப் புல்லரித்தது. ஊருக்கு அவர் இன்னும் விதானையார்தான். நோயாளிகளை ஏற்ற ஒரு லோஞ்ச் வேண்டுமென்று பதினொரு வருஷமாக எழுதிவந்தார். 'பரிசீலனையில் உள்ளது' என்று ஒவ்வொரு முறையும் தவறாமல் மறுமொழி வந்தது. இவ்வளவு ஆழமாகப் பரிசீலிக்கும் இலாகாவை வேறெங்கே காணலாம்?

மார்கழியில் றோசம்மாவின் மருமகள் மாக்கிறேற்றுக்குப் பிள்ளைப்பேற்று நோக் கண்டது. பிள்ளை குறுக்காகக் கிடக்கிறது என்று மருத்துவிச்சி கையை விரித்துவிட்டாள். வள்ளம் இறக்க ஏலாத கடல். மருமகளைக் கதிரையில் வைத்துத் தூக்குவித்துக்கொண்டு றோசம்மா இறங்குதுறைக்கு ஓடினாள்.

லோஞ்சுக்குப் பொறுப்பான பஸ்ரியாம்பிள்ளை சட்டம் தெரிந்த மனிதர்.

"மனிசரை ஏத்த ஏலாது அக்கா. படிவத்திலை எலி எண்டுதான் கிடக்கு."

"இண்டைக்கு எலி ஏதும் வருத்தமெண்டு வந்ததோ?"

"இன்னும் இல்லை. வந்தால் லோஞ்ச் நிக்கவேணுமெல்லோ."

மூச்சிரைக்க வந்த தியாகலிங்கம் படிவத்தை வாங்கி நிரப்பினார். பால்: பெண். நிலை: சினை. உணவு: மீன், ஒடியல் கூழ். வசிப்பிடம்: இத்தீவு, வேறெங்கும் போக வழியில்லை.

பஸ்ரியாம்பிள்ளை மாக்கிறேற்றைப் பார்த்தார். "இது எலியோ, விதானையார்?"

"கடதாசியைப் பாரும். ஆளை ஏன் பாக்கிறீர்?"

கையொப்பமும் முத்திரையும் முறையாக இருந்தன. லோஞ்ச் புறப்பட ஆயத்தமானது.

"என்ரை மருமகளை எலியாக்கிப்போட்டியளே" என்றாள் றோசம்மா.

"மனிசியாய் இருந்தால் செத்துப்போவாள் அக்கா. ஏறுங்கோ."

தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். அன்றிலிருந்து நெடுந்தீவு எலிகளின் ஆரோக்கியம் கவலைக்கிடமானது. ஒரு எலிக்குத் தொய்வு வந்து மூச்சு இழுத்தது. ஒரு எலி பனையால் விழுந்து இடுப்பு முறிந்தது. இன்னொரு எலிக்கு மூக்குக்கண்ணாடி தேவைப்பட்டது. தியாகலிங்கம் எல்லாவற்றையும் முறைப்படி நிரப்பி அனுப்பினார்.

ஒரு வருஷம் கழித்துக் கொழும்பிலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. 'எலிகளின் நலன் சிறப்பாகப் பேணப்படுகிறது. இக்காலத்தில் மனிதர் எவரும் சிகிச்சைக்காகக் கொண்டுசெல்லப்பட்டதாகப் பதிவு இல்லை. ஆதலால் நோயாளர் லோஞ்ச் கோரும் தங்கள் கடிதக் கோவை இத்தால் மூடப்படுகிறது.'

இரண்டாந்தரம் வாசிக்கும்போது தியாகலிங்கத்துக்கு நெஞ்சு இறுகியது. சேட்டு வேர்வையில் நனைந்தது. றோசம்மாதான் ஆட்களைக் கூட்டி அவரை இறங்குதுறைக்குக் கொண்டுவந்தாள்.

பஸ்ரியாம்பிள்ளை கண் கலங்கியபடி படிவத்தை நீட்டினார். தியாகலிங்கம் தானே நிரப்பினார்.

பால்: ஆண். வருத்தம்: நெஞ்சு நோ. உணவு: பன்னிரண்டு வருஷமாக அரசாங்கக் கடதாசி.