கூரை மேல் ஏறிய குதிரையும் கீபோர்டு பாவாவின் ஜடையும்

திருத்தணியில் முருகனுக்கு அடுத்தபடியாக அதிகம் பேர் விழுந்து கும்பிட்டது கீபோர்டு பாவாவைத்தான். நான் ஒன்றும் கதை விடவில்லை. ஆடிக் கிருத்திகைக்கு ஆந்திராவிலிருந்து பஸ் பஸ்ஸாக வந்து இறங்கும் ஜனம், மலைக்குப் போகிற வழியில், இடுப்பு வரை முடி தொங்க, கண் சிவக்க, லுங்கியோடு நிற்கும் ஒரு ஆளைப் பார்த்தால் வேறென்ன செய்யும்? "சாமீ!" என்று பொத்தென்று காலில் விழும்.

"அய்ய, எந்திரிம்மா! நான் சாமி இல்ல. கேம் சென்டர் வெச்சிகினுகீறேன்" என்பார் பாவா. அதையே தெலுங்கிலும் ஒருமுறை சொல்வார். அவர்கள் அதையும் ஏதோ அருள்வாக்கு என்று எடுத்துக்கொண்டு, கையில் ரெண்டு வாழைப்பழத்தைத் திணித்துவிட்டுப் போவார்கள். அந்தக் கண் தவத்தில் சிவந்ததல்ல. நாள் முழுக்க மானிட்டரை முறைத்துச் சிவந்தது.

'பாவா' என்றால் எங்கள் பக்கத்துத் தெலுங்கு வீடுகளில் அத்தான். எங்கள் தெருவில் அவருக்கு அந்த முறையில் ஒருத்தரும் கிடையாது. ஆனாலும் தெருவே அவரைப் பாவா என்றுதான் கூப்பிட்டது. டிபன் கடைக்கும் அர்ச்சனைத் தட்டுக் கடைக்கும் நடுவில், ஒரு லாட்ஜுக்குக் கீழே அவருடைய கடை. நான் சென்னையில் ஒரு ஆபீசில் குப்பை கொட்டிவிட்டு மின்சார ரயிலில் நசுங்கி வீடு திரும்புகிற ஜென்மம். ஞாயிற்றுக்கிழமை பாவா கடையில் உட்கார்ந்து நாலு பேரைச் சுட்டுத் தள்ளினால்தான், திங்கட்கிழமை மேனேஜர் முகத்தைப் பார்க்கும் பொறுமை எனக்கு வரும்.

பாவாவுக்கு உலகத்தில் ரெண்டே சாதி. கம்ப்யூட்டரில் கேம் ஆடுகிறவன், ஆடாதவன். டிவியில் கன்சோல் மாட்டி, கையில் கன்ட்ரோலர் பிடித்து ஆடுகிறவன் ரெண்டிலும் சேர மாட்டான்.

"ஆட்டம்னா இன்னா? முதுகு நிமிந்து ஒக்காரணும். ஒரு கை கீபோர்டு, ஒரு கை மவுஸு. குறி வெச்சா கொசு கண்ணுல அடிக்கணும்" என்று பாடம் எடுப்பார். "அந்த கன்சோலுகீதே, அது சோபால சாஞ்சிகினு ரெண்டு கட்ட வெரல மட்டும் ஆட்றது. இதுல பக்கத்துல ஒரு ஆளு வேற. ரெண்டு பேர் ஒட்டிகினு ஒக்காந்து, சிரிச்சிகினு, முறுக்கு தின்னுகினு... அதுக்குப் பேரு ஆட்டமா? அதுக்குப் பேரு நலங்குபா!"

இதை அவர் வேண்டுமென்றே வாசலில் நின்று சத்தமாகச் சொல்வார். ஏனென்றால் நேர் எதிரில்தான் மெர்சி அக்காவின் கன்சோல் கடை. கணவர் வேலூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார். அக்கா வீட்டு முன்னறையில் பெரிய டிவி, சோபா, கன்சோல் எல்லாம் வைத்து, வாசலுக்குப் பூப்போட்ட திரை தொங்கவிட்டிருந்தார். பாவா வாய் ஓய்ந்ததும் அந்தத் திரை விலகும்.

"ஏன் ஜடாமுனி, உன் கடைக்கு வர்றவன்லாம் ஒருத்தன் மூஞ்ச ஒருத்தன் பாக்காம செவுத்த பாத்துகினு ஒக்காந்துகீறானே, அதுக்குப் பேரு இன்னா? பரிட்சையா?"

பாவா விருட்டென்று உள்ளே போய் ஒரு கம்ப்யூட்டரைத் தட்டுவார். கோபம் வந்தால் அவர் தட்டுவது அதைத்தான்.

சரி, ஜடைக்கு வருகிறேன். ஒரு காலத்தில் பாவாவும் நம்மைப் போல மாதாமாதம் முடி வெட்டியவர்தான். கெடுத்தது ஒரு கேம். அதன் இங்கிலீஷ் பெயர் மூச்சு வாங்கும் அளவுக்கு நீளம். ஒரு ஆள் குதிரையில் ஏறிக் கோட்டை கோட்டையாகப் பிடித்துக்கொண்டே போவான், அதனால் எங்கள் ஊரில் அதற்குக் 'குதிரைக்காரன்' என்று பெயர். முதல் பாகம் தேன். இரண்டாம் பாகம் தேனில் ஊறிய பலாச்சுளை. மூன்றாம் பாகத்தில் அந்தக் கம்பெனிக்காரனுக்கு என்ன கேடு வந்ததோ, குதிரையைப் பிடுங்கிக்கொண்டு படகைக் கொடுத்துவிட்டான்.

"குதிரைக்காரன்னு பேர் வெச்சிட்டு துடுப்பு போட சொல்றான்பா!" என்று பாவா அன்றைக்குச் சோறு தின்னவில்லை. நேராக மலையேறி முருகன் சன்னதியில் நின்று வாய்விட்டு வேண்டிக்கொண்டார். "முருகா, இனிமே வர்ற பாகத்துல ஒண்ணாவது நல்லா வரணும். வந்தா உனக்கு முடி எறக்கறேன். அதுவரைக்கும் என் தலைல கத்தரி படாது." பக்கத்தில் நின்றவர்கள் பிள்ளை வரம் கேட்டார்கள், உத்தியோகம் கேட்டார்கள். எங்கள் ஆள் கேமுக்கு அடுத்த பாகம் கேட்டார்.

நாலாம் பாகம் வந்தது. குதிரை திரும்பி வந்தது, ஆனால் சேணத்தைத் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டுமாம். வீரன் சண்டையே போடாமல் மலை உச்சியில் உட்கார்ந்து அப்பாவை நினைத்து அழுதுகொண்டிருந்தான். பாவாவின் முடி தோளைத் தொட்டது.

ஐந்தாம் பாகம் இன்டர்நெட் இருந்தால்தான் ஓடும் என்றான். எங்கள் தெருவில் மாடு கேபிளில் முதுகு சொறிந்தால் நெட் போய்விடும். பாதிப் பாய்ச்சலில் குதிரை அந்தரத்தில் நிற்கும். பாவா பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். ஒரு நாள் காலையில் எழுந்து பார்த்தால் தெரு முழுக்கக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர். நடுவில் பூமாலை போட்ட குதிரை. 'ஐந்தாம் பாகத்தில் அகால மரணமடைந்த எங்கள் குதிரைக்காரனுக்கு ஆழ்ந்த இரங்கல். துயரத்தில்: பாவா மற்றும் கேம் சென்டர் நண்பர்கள்.' எந்த வீட்டுச் சாவு என்று தெரியாமல் அக்கம்பக்கத்தார் பதறிக்கொண்டு வந்தார்கள். ஒரு கட்சிக்காரர் ஆளுயர மாலையோடு வந்துவிட்டு, எங்கே போடுவது என்று புரியாமல் கடைசியில் கம்ப்யூட்டருக்கே போட்டுவிட்டுப் போனார். நான் சிரித்தேன் என்பதற்காகப் பாவா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

முடி இடுப்புக்கு வந்தது. அப்போதுதான் வரன் வந்தது.

பொதட்டூர்பேட்டையில் தறி வைத்திருக்கும் தூரத்துச் சொந்தம். பெண் பெயர் விஜயா. பாவா போட்டோவைப் பார்த்தார். எல்லாவற்றிலும் ஒரு குறை கண்டுபிடிக்கிற மனிதர், அந்தப் போட்டோவில் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்குகிறார் என்று அவர் அம்மா ஊரெல்லாம் சொல்லிவிட்டார். முகூர்த்தத்தைத் தையில் வைத்துக்கொள்ளலாம், அதற்கு முன்னால் மாப்பிள்ளையை ஒரு எட்டு பார்த்துவிடலாம் என்று பெண்ணின் நைனா கிளம்பி வந்தார்.

வந்த நேரம் எப்பேர்ப்பட்ட நேரம்! பாவா எந்தக் கம்ப்யூட்டருக்கும் பக்கவாட்டு மூடி போட மாட்டார், சூடாகுமாம். அன்றைக்கு ஒரு வயரைச் சொருகக் குனிந்தவரின் ஜடையை உள்ளே சுற்றிய ஃபேன் அப்படியே இழுத்துக்கொண்டது. "அய்யோ" என்ற சத்தம் மலை வரை கேட்டிருக்கும். நான் டிபன் கடையிலிருந்து கத்தரிக்கோலோடு ஓடினேன்.

"கத்தரி எடுத்தே, கைய ஒடிச்சிடுவேன்! வேண்டுதல் முடி!"

ஃபேனை ஸ்க்ரூ ஸ்க்ரூவாகக் கழற்றி, ஜடை நுனியில் ஃபேன் தொங்க அவரை எழுப்பி நிறுத்தினேன். வாசலில் வெள்ளை வேட்டியோடு ஒருவர் வாய் திறந்து நின்றுகொண்டிருந்தார்.

"வாங்க மாமா, ஒக்காருங்க" என்றார் பாவா, ஃபேனைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு.

மாமா உட்காரவில்லை. "இத பாருப்பா. எங்க ஊருக்கு நீ மொட்டையா வா, நான் சந்தோசமா பொண்ண குடுக்கறேன். ஜடையோட மட்டும் வராத. மாலை எந்தப் பக்கம் போடறதுன்னு எம்பொண்ணு முழிக்கக் கூடாது."

ஆக, பாவாவின் கல்யாணம் ஒரு கேம் கம்பெனிக்காரன் கையில் போய் மாட்டிக்கொண்டது. ஆறாம் பாகம் மார்கழியில் வருகிறது என்று அறிவித்திருந்தார்கள். அது நன்றாக இருந்தால் மொட்டை, மொட்டை அடித்தால் கல்யாணம். பாவா விரதமே இருந்தார். அப்புறம்தான் இடி விழுந்தது. ஆறாம் பாகம் முதலில் கன்சோலில் மட்டும்தானாம். கம்ப்யூட்டருக்கு அப்புறமாக வருமாம், எப்போது என்று சொல்ல மாட்டானாம்.

"பாவா, பேசாம நல்லாகீதுன்னு சொல்லிட்டு மொட்டைய போடு. யாருக்குத் தெரியப் போவுது?" என்றேன்.

மனிதர் எரிமலையாகிவிட்டார். "முருகன் கிட்ட போயி டகுல் வுட சொல்றியா? கலீஜான கேம நல்ல கேம்னு சொல்லிட்டு நான் எந்த மூஞ்சோட கடை தொறப்பேன்? கல்யாணம் நின்னா நிக்கட்டும்பா!" சொல்லிவிட்டு உள்ளே போனவரின் தோள் குலுங்கியது. எனக்கு அன்றைக்கு யாரையும் சுட மனசில்லை, வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மெர்சி அக்காவே தெருவைத் தாண்டி வந்தார். "வா ஜடாமுனி. புதுசு வந்துகீது. கிறிஸ்துமஸ் கேக்கும் கீது. வந்து ஆடி பாத்துட்டு நல்லதோ கெட்டதோ சொல்லு. காசு வேணாம்."

பாவா என்னைப் பார்த்தார், மலையைப் பார்த்தார். பிறகு செருப்பை வாசலில் கழற்றிவிட்டு அந்தப் பூப்போட்ட திரைக்குள் போனார். தெருவே எழுந்து நின்றது. கன்ட்ரோலரை அவர் கையில் கொடுத்தபோது, பிரசவ ஆஸ்பத்திரியில் தலைச்சன் பிள்ளையை வாங்குகிற அப்பன் மாதிரி ரெண்டு கையையும் ஏந்தி வாங்கினார். எந்தப் பக்கம் தலை என்று தெரியவில்லை. குதிரை வட்டமாகச் சுற்றிச் சுற்றி ஒரு கிணற்றில் விழுந்தது. மறுபடி ஏறியது, மறுபடி விழுந்தது.

அந்த நேரம் பார்த்து, கோயிலுக்கு வந்திருந்த மாமாவும் விஜயாவும் மாப்பிள்ளை வீட்டுக்குப் போகிற வழியில் கூட்டத்தைப் பார்த்துத் திரையை விலக்கினார்கள். மெர்சி அக்கா ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "வாம்மா, ஒக்காரு. இதுல ரெண்டு பேர் ஆடணுமாம். இந்தா" என்று இன்னொரு கன்ட்ரோலரை விஜயா கையில் கொடுத்து, சோபாவில் உட்கார வைத்தார்.

பாவா அட்டென்ஷனில் உட்கார்ந்தார். குதிரையில் முன்னால் பாவாவின் ஆள், பின்னால் விஜயாவின் ஆள்.

அந்தக் கேம் இருக்கிறதே, அதைவிடக் கேவலமான ஒன்றை நான் என் வாழ்நாளில் பார்த்ததில்லை. எதிரிப் படை கழுத்து வரை மண்ணுக்குள் புதைந்து நின்று சல்யூட் அடித்தது. ராஜா தலை பின்பக்கம் திரும்பிக்கொண்டு பேசினார். கடைசியில் குதிரை தானாக ஒரு வீட்டுச் சுவரில் ஏறி, ஓட்டுக் கூரை மேல் போய் நின்றுகொண்டது. என்ன அழுத்தினாலும் இறங்கவில்லை.

"பாவா, குதிரய கீழ எறக்கு!" என்றாள் விஜயா. இந்த ஊரில் அவரை உரிமையோடு அப்படிக் கூப்பிடக்கூடிய ஒரே ஆள்.

"நான் எங்க ஏத்தினேன்? அதுவா ஏறிகினுகீது!"

"புல்லு காட்டு!"

"இதுல எந்த பட்டன்மா புல்லு?"

விஜயா சிரிக்க ஆரம்பித்தாள். விக்கல் வரும்வரை சிரித்தாள். பாவா ஒரு பட்டனை அழுத்த, கூரை மேலிருந்தபடியே குதிரை உட்கார்ந்துகொண்டது. அதற்கு மெர்சி அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டே கேக் தின்றார். அப்புறம் பாவாவே சிரித்தார். அவர் ஒரு கேம் ஆடும்போது சிரித்து அதுவரை நான் பார்த்ததே இல்லை.

ஆட்டம் முடிந்தது. தெரு மூச்சைப் பிடித்தது. மாமாதான் கேட்டார், "என்னப்பா, எப்படி கீது?"

பாவா டிவியைப் பார்த்தார். விக்கிக்கொண்டிருந்த விஜயாவைப் பார்த்தார். கன்ட்ரோலரைக் கீழே வைத்தார்.

"நல்லாகீது" என்றார்.

"எது நல்லாகீது?" என்றார் மெர்சி அக்கா. "குதிரை இன்னும் கூரை மேலதாம்பா ஒக்காந்துகினுகீது!"

"ஆங். நல்லாகீது."

அந்த மார்கழிக் கிருத்திகைக்கே மலையில் முடி இறக்கினார். சந்தனம் பூசிய தலையோடு படியிறங்கும்போது ஒரு பக்தர்கூடக் காலில் விழவில்லை. என்னால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. "என்ன பாவா, முருகன் கிட்டயே டகுலா?"

அவர் கோபப்படவில்லை. மொட்டையைத் தடவிக்கொண்டே சொன்னார். "கேம் கலீஜுதாம்பா. நான் இல்லன்னு சொல்லல. ஆனா ஒண்ணாவது நல்லா வரணும்னுதானே வேண்டிகினேன்? குதிரை எறங்க மாட்டுது, அவ சிரிப்ப நிறுத்த மாட்டுறா. இதவிட நல்லா எப்டிபா வரும்?"

தையில் கல்யாணம் நடந்தது. இன்றைக்கும் பாவா கடையில் கன்சோல் கிடையாது. வாசலில் நின்று திட்டுவதும் நிற்கவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் புருஷனும் பெண்டாட்டியும் தெருவைத் தாண்டி, பூப்போட்ட திரைக்குள் முறுக்குப் பொட்டலத்தோடு போய் உட்காருகிறார்கள். போன மாதம் கம்பெனிக்காரன் அந்தக் கேமுக்கு அப்டேட் விட்டான். எல்லாக் கோளாறும் சரியாகிவிடுமாம், குதிரை இனிமேல் கூரை ஏறாதாம். மெர்சி அக்கா அதைப் போடப் போனபோது பாவா பாய்ந்து நெட் வயரையே பிடுங்கிவிட்டார்.

"அப்டேட்ல கை வெச்ச, அவ்ளோதான் சொல்லிட்டேன்!"

கேமில் ஒரு சின்னத் தப்பு இருந்தால் ஊருக்கே போஸ்டர் ஒட்டிய மனிதர்! நான் இப்போதெல்லாம் பாவா கடையில் யாரையும் சுடுவதில்லை. எதிர்த் திரைக்குள்ளிருந்து விஜயாவின் விக்கல் சத்தம் வருகிறதா என்று காது கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வந்துவிட்டால் எனக்குத் திங்கட்கிழமையைப் பற்றிக் கவலையே இல்லை. முருகா, அந்தக் குதிரை மட்டும் எப்போதும் கூரை மேலேயே இருக்கட்டும்.