பம்பாயா, மெட்ராஸா?

செவ்வாய்க்கிழமை மத்தியானம்வரை மரியஅந்தோணியிடம் தெளிவான ஒரு முடிவு இருந்தது: மகள் இதற்கு மேல் படிக்க வேண்டாம். புதன்கிழமை விடிந்தபோது அந்த முடிவைக் காணவில்லை. மகளை எந்த ஊரில் படிக்க வைப்பது என்ற குழப்பம்தான் மிச்சம் இருந்தது.

எல்லாம் இரண்டு கடிதங்கள் செய்த வேலை.

முதல் கடிதம் மெட்ராஸிலிருந்து வந்தது. கொண்டுவந்தவர் போஸ்ட்மேன் பொன்னுச்சாமி. சகாயராணிக்கு எம்.பி.ஏ. படிப்பில் இடம் கிடைத்திருக்கிறது என்பது, அவள் கவரைக் கிழிப்பதற்கு முன்பே கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் பாதிப் பேருக்குத் தெரியும். பொன்னுச்சாமி யார் கடிதத்தையும் பிரிக்கிறவர் அல்ல. வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார், அவ்வளவுதான்.

மரியஅந்தோணி மிஷன் பள்ளிக்கூட ஹாஸ்டலில் ஸ்டோர்கீப்பர். பூண்டி கிராமத்திலிருந்து வருகிற கேரட்டையும் வெள்ளைப்பூண்டையும் இருபத்திரண்டு வருஷமாகத் தராசில் போட்டு வாங்குகிறவர். கடிதத்தையும் கையில் வைத்து ஒரு முறை தூக்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"படிச்சது போதும்த்தா. வத்தலக்குண்டு பரமானந்தம் சார் மகனுக்குப் பேசிக்கிட்டிருக்கோம். மதுரையில பி.காம். முடிச்சாச்சு. இங்க டைப்ரைட்டிங் கிளாஸுக்கும் போயிட்டு வர்றே. இன்னும் என்ன?"

சகாயராணி எதிர்த்துப் பேசவில்லை. இந்தப் பெண்ணுக்கு எதிர்த்துப் பேசவே தெரியாது என்று எங்கள் தெருவில் ஒரு குறைகூட உண்டு.

அன்றைக்கு விளக்கு வைக்கிற நேரத்தில் அவள் இன்னொரு கவரோடு வந்து நின்றாள்.

"அப்பா, பம்பாய்ல இருந்தும் வந்திருக்கு. போஸ்ட் ஆபீஸ் பக்கமா வந்தேன், கையோட வாங்கிட்டேன்."

எங்கள் தெருவுக்கு ஒரு கடிதம் தெருவுக்குத் தெரியாமல் வந்தது அதுதான் முதல் தடவை. அந்த வருத்தம் எங்களில் பலருக்கு இன்றைக்கும் உண்டு.

"பம்பாயா?" மரியஅந்தோணி திடுக்கிட்டார். "அம்புட்டுத் தூரமா? அதுக்கு மெட்ராஸே தேவலாமே!"

அடுப்படியிலிருந்து கித்தேரியம்மாள் கரண்டியோடு வெளியே வந்தாள்.

"இப்பத்தான் சரியாச் சொன்னீங்க. மெட்ராஸ்தான். பெரம்பூர்ல எந் தங்கச்சி இருக்கா. புள்ள பூசைக்குப் போனாளா, சாப்பிட்டாளான்னு வாரா வாரம் பாத்துக்கிடுவா."

கொழுந்தியாள் பேச்சை எடுத்ததும் மரியஅந்தோணிக்கு மெட்ராஸ் கசந்துபோயிற்று. எட்டு வருஷத்துக்கு முன்னால் அந்த வீட்டுக்கு ஒரு கூடை பிளம்ஸ் பழம் சுமந்துகொண்டு போனார். 'புளிக்குது' என்று சொல்லி அவர் கண் எதிரேயே அதைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

"உந் தங்கச்சி வீட்டு வாசப்படிய எம் மக மிதிக்கணுமாக்கும்? பம்பாய்தான்!"

"மேல படிக்கவே வேண்டாம்னு மத்தியானம் நீங்கதான சொன்னீங்க?"

"அது மத்தியானம். இப்ப பேச்சு பம்பாயா மெட்ராஸா. பேச்ச மாத்தாத."

இரண்டு ஊருமே பத்தொன்பதாம் தேதிக்குள் பதில் கேட்டிருந்தன. கையில் பத்து நாள்கூட இல்லை. மரியஅந்தோணி கம்பளிக் குல்லாவை மாட்டிக்கொண்டு இரண்டு கடிதங்களோடும் சேனாதிபதியின் பேக்கரிக்குப் புறப்பட்டார். அங்கேதான் தப்பு நடந்தது. எங்கள் தெருவில் ஒரு விஷயத்தை மறைக்க வேண்டுமானால் கோயில் பிரசங்கத்தில் சொல்லலாம், யாரும் கவனிக்க மாட்டார்கள். சேனாதிபதியிடம் சொல்லக்கூடாது.

சேனாதிபதி பம்பாயில் ஏழு வருஷம் இருந்ததாகச் சொல்லிக்கொள்வார். ஏழு மாதம் என்று எங்களுக்குத் தெரியும். மாவு ஒட்டிய கையைத் துடைத்துவிட்டுப் பம்பாய்க் கடிதத்தை பல்புக்கு நேரே பிடித்தார்.

"அடேங்கப்பா! பேப்பரப் பாத்தாலே தெரியுதுய்யா, பெரிய எடம்."

"அது சரி, இந்த எழுத்து ஏன் இப்படி இருக்கு? இங்கிலீஷ் 'ஏ' எழுத்து பூராவும் வரிய விட்டு அரைப் படி மேல ஏறி நிக்குதே?"

"பம்பாய்ல எல்லாமே மாடிக் கட்டடம்யா. எழுத்து மட்டும் கீழயா நிக்கும்? அதெல்லாம் ஸ்டைலு."

மரியஅந்தோணி மெட்ராஸ் கடிதத்தைப் பார்த்தார். அதில் எல்லா எழுத்தும் ரேஷன் கடையில் நிற்பதுபோல ஒரே வரிசையில் நின்றன. சப்பென்று இருந்தது.

"போன் போட்டு ஒரு வார்த்த விசாரிச்சிருவமா?"

"நம்பர் போட்டிருக்கா?"

"இல்லயே."

"பாத்தீரா! கண்டவன் கூப்பிட்டா எடுக்கவா பெரிய எடத்துல போன் வச்சிருக்கான்?"

நம்பர் இல்லாததாலேயே பம்பாயின் மதிப்பு இன்னும் ஒரு மாடி உயர்ந்தது.

மறுநாள் தெரு இரண்டாகப் பிரிந்தது. பேக்கரி, சைக்கிள் கடை, ஏரியில் படகு ஓட்டுகிறவர்கள் எல்லாம் பம்பாய். பெண்கள், கோயில் பாட்டுக்குழு, பொன்னுச்சாமி எல்லாரும் மெட்ராஸ். பம்பாய்க் கடிதத்தைத் தன் கையால் கொடுக்க முடியாமல் போன ஆத்திரத்தில் பொன்னுச்சாமி அந்த ஊரையே எதிர்த்தார். இந்தப் பெண் ஏன் படிக்க வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பழைய பஞ்சாங்கம் என்று சிரித்திருப்போம். அதற்கு முந்தைய வாரம்வரை நாங்கள் எல்லோரும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தோம் என்பது வேறு விஷயம்.

ஆச்சரியம் என்னவென்றால், பம்பாய் வேண்டாம் என்று முதலில் பயந்தவள் சகாயராணிதான்.

"அப்பா, பம்பாய்ல மழை ஜாஸ்தியாம்ப்பா."

"கொடைக்கானல்ல பொறந்துட்டு மழைக்குப் பயப்படுதியா?"

"பாஷை தெரியாதுப்பா."

"இங்கிலீஷ்ல தான படிக்கப் போறே?"

"ரெண்டு நாள் ரயில்ப்பா."

"தூங்கிக்கிட்டே போ!"

அவள் முகம் வெளுத்துவிட்டது. பாவம், வெளியூர் என்றால் பயம்போல என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

கித்தேரியம்மாள் மாதா படத்துக்கு முன்னால் சீட்டுப் போட்டுப் பார்த்தாள். கண்ணை மூடி எடுத்தாள். பம்பாய் வந்தது.

"சீட்ட நான் சரியா மடிக்கல" என்று மறுபடி போட்டாள். மறுபடியும் பம்பாய்.

"மாதாவே சொல்லிட்டாங்க, இனி என்ன?" என்றார் மரியஅந்தோணி.

"சொல்லட்டும். அப்ப நானும் கூடப் போறேன். புள்ளைக்குப் பொங்கிப் போட ஆள் வேணாமா? நீங்க இங்க ரெண்டு வருஷம் ஹாஸ்டல் சாப்பாட்ட சாப்பிட்டுக்கிட்டுக் கெடங்க."

மரியஅந்தோணி கலங்கிப்போனார். ஹாஸ்டல் சாப்பாட்டில் என்ன போடுகிறார்கள் என்பது ஸ்டோர்கீப்பருக்குத் தெரியாதா?

சனிக்கிழமை வத்தலக்குண்டிலிருந்து பரமானந்தம் வந்தார். கல்யாணத் தேதி பேசத்தான் வந்தார். ஆனால் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு வருவதற்கு பேக்கரியைத் தாண்டித்தான் வர வேண்டும். அரை மணி நேரம் கழித்து வாசலில் வந்து நின்றபோது அவருக்கும் ஒரு கட்சி இருந்தது.

"கல்யாணம் ரெண்டு வருஷம் தள்ளிப் போனா போவுது, அது ஒண்ணும் பெரிசில்லீங்க. படிச்ச மருமக வந்தா எங்களுக்கும் பெருமதான். ஆனா மெட்ராஸ்னா சொல்லுங்க. பையனுக்கு அங்க மாத்தல் கேட்டுறலாம். பம்பாய்னா நாங்க யோசிக்கணும்."

இதில் ஒரு நல்ல செய்தி இருந்தது. அது மரியஅந்தோணியின் காதில் விழவில்லை. விழுந்தது கடைசி வார்த்தை மட்டும்தான்.

"எம் மக எங்க படிக்கணும்னு வத்தலக்குண்டுல இருந்து சொல்லுதீகளா? அப்பப் பம்பாயேதான்!"

பரமானந்தம் காப்பியைக்கூட முடிக்காமல் எழுந்து போனார். மரியஅந்தோணி அதே சூட்டில் ஸ்டோர் நோட்டில் ஒரு தாளைக் கிழித்து, 'தங்கள் மெட்ராஸ் இடம் எங்களுக்கு வேண்டாம்' என்று இங்கிலீஷில் எழுதினார். அழுத்தி எழுதியதில் தாள் இரண்டு இடத்தில் பொத்துக்கொண்டது. கவரில் போட்டு ஒட்டி மகளிடம் நீட்டினார்.

"வெரசா போயி பெட்டியில போட்டுட்டு வா."

சகாயராணி கவரைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். குடையை எடுத்துக்கொண்டு மூடுபனிக்குள் இறங்கிப் போனாள். திரும்பி வர வெகு நேரமாயிற்று. கண் சிவந்திருந்தது. பனிக்காற்று என்றாள்.

திங்கட்கிழமை வெள்ளனே எழுந்து எங்கேயோ போய்விட்டு வந்தாள். அப்பா காப்பி குடிக்கிற நேரம் பார்த்து, ரொம்ப சாதுவாகப் பம்பாய்க் கடிதத்தை அவர் கையில் வைத்தாள்.

"நீங்க சொன்னபடி பம்பாய்க்கே போறேன்ப்பா. கொண்டுபோக வேண்டிய சாமான்லாம் இதுல போட்டிருக்கு. நீங்கதான் வாங்கித் தரணும்."

இருபத்திரண்டு வருஷம் தராசு பிடித்த கை. சும்மா இருக்குமா?

"என்னத்தா, அன்னைக்கிவிட இன்னைக்குக் கனம் கூடியிருக்கு?"

"ரெண்டாவது தாள் கவரோட ஒட்டிக்கிட்டு இருந்திருக்குப்பா. ஈரம். இன்னைக்குத்தான் அடுப்புல காட்டிப் பிரிச்சேன்."

இதை எங்கள் ஊரில் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். ஜூன் மாதத்தில் இங்கே கோயில் பாட்டுப் புத்தகத்தையே அடுப்பில் காட்டித்தான் பிரிக்க வேண்டும்.

மரியஅந்தோணி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலை ஓட்டிப் படித்தார். இங்கேயும் 'ஏ' எல்லாம் ஜம்மென்று அரைப் படி மேலே நின்றது. போர்வை இரண்டு. வாளி ஒன்று. டான்ஸ் ஆடுவதற்கான ஷூ ஒரு ஜோடி.

விரல் நின்றது.

"ஷூ எதுக்குத்தா?"

"கீழ போட்டிருக்கு பாருங்கப்பா. சனிக்கிழமை தோறும் ஆணும் பெண்ணும் சேர்ந்து ஆடுற டான்ஸ். அது பாடத்துலயே சேர்த்தியாம்."

"வராதவங்க?"

"கட்டாயம்னு போட்டிருக்கு."

"யாரு கூட ஆடணும்?"

"ஜோடிய காலேஜே முடிவு பண்ணிக் கொடுத்துருமாம். நமக்கு அந்தக் கவலை இல்லப்பா."

மரியஅந்தோணி எழுந்த வேகத்தில் காப்பி வேட்டியில் கொட்டியது.

"கித்தேரி! ஏ கித்தேரி! மெட்ராஸ்! மெட்ராஸ்தான்! உந் தங்கச்சிக்கு எழுது! பரமானந்தம் சாருக்கு எழுது!"

பிறகுதான் அவருக்கு நினைவு வந்தது. அப்படியே தலையில் கைவைத்துக் கீழே உட்கார்ந்துவிட்டார்.

"ஐயோ, மெட்ராஸ வேண்டாம்னு எழுதிப் போட்டாச்சே! பாவிப்பய நான்... எம் புள்ள படிப்பு போச்சே!"

அந்த வீட்டில் மரியஅந்தோணி அழுது நாங்கள் பார்த்தது அன்றைக்குத்தான். ஒரு வாரத்துக்கு முன்னால் மகள் படிக்கவே வேண்டாம் என்றவர், மகள் படிப்பு போயிற்றே என்று மூக்கைச் சிந்தினார்.

சகாயராணி மெதுவாகத் தன் பையைத் திறந்தாள்.

"அப்பா... கோவிச்சுக்காதீங்க. அன்னைக்கு ஒரே பனியா இருந்துச்சா, பெட்டிகிட்டப் போயும் போட மறந்துட்டேன்."

கவர் அப்படியே இருந்தது. மரியஅந்தோணி அதை நாலாகக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டு மகளின் தலையில் கைவைத்தார்.

"நல்லவேளை தாயீ, உனக்கு ஞாபக மறதி."

மெட்ராஸுக்குத் தந்தி போயிற்று. பொன்னுச்சாமி ஜெயித்துவிட்ட தோரணையில் மூன்று நாள் தபாலை ஒழுங்காகக் கொடுக்கவில்லை. ஜூலை முதல் வாரம் சகாயராணியை பஸ் ஏற்றிவிட நாங்கள் அத்தனை பேரும் போனோம். ஜன்னல் வழியாக அவள் அப்பாவிடம் ஒரே விஷயத்தை மூன்று முறை சொன்னாள்.

"பம்பாய்க்கு நீங்க ஒண்ணும் எழுத வேண்டாம்ப்பா. நான் மெட்ராஸ் போயி எழுதிக்கிடுறேன். மறந்துறாதீங்க, நீங்க எழுத வேண்டாம்."

"நீ படிக்கிற சோலியப் பாரு. அத நான் பாத்துக்கிடுறேன்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார் மரியஅந்தோணி. பாவம், போகிற இடத்திலும் எத்தனை வேலையை இழுத்துப் போட்டுக்கொள்கிறாள்!

அவருக்குப் பம்பாய் விஷயத்தில் மனசு உறுத்திக்கொண்டே இருந்தது. டான்ஸ் ஒரு பக்கம் இருக்கட்டும். எவ்வளவு பெரிய இடம், தேடி வந்து கூப்பிட்டிருக்கிறார்கள், பதில்கூடப் போடாமல் இருக்கலாமா? கையால் எழுதி அனுப்பினால் மதிப்பாக இருக்குமா? மறுநாளே பம்பாய்க் கடிதத்தையும் ஒரு புதுக் கவரையும் ஸ்டாம்பையும் எடுத்துக்கொண்டு, மகள் படித்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுக்குப் போனார். இன்ஸ்டிட்யூட் என்றால் ஒரே அறை, மூன்று மெஷின், ஒரு வேலுத்தாய் டீச்சர்.

"டீச்சர், நல்ல மரியாதையா நாலு வரி அடிச்சுக் குடுங்க. 'உங்க அன்புக்கு நன்றி. எங்க மக மெட்ராஸ்ல சேந்துட்டா. வருத்தப்படாதீங்க'ன்னு. இந்தாங்க, அட்ரஸ் இதுல இருக்கு."

வேலுத்தாய் டீச்சர் கடிதத்தை வாங்கினாள். முதல் வரியைப் பார்த்தாள். இரண்டாவது தாளைத் திருப்பிப் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு, மரியஅந்தோணி எச்சில் தொட்டு ஒட்டப்போன ஸ்டாம்பைக் கையால் தடுத்தாள்.

"ஸ்டாம்ப எதுக்கண்ணே வீணாக்குறீங்க? இந்த 'ஏ' எந்திரிச்சு எந்திரிச்சு நிக்குதுன்னு ரிப்பேர்காரனுக்குச் சொல்லி விட்டு மூணு மாசமாச்சு. உங்க பம்பாய் காலேஜு, அந்தா, நம்ம மூணாம் நம்பர் மெஷின்லதான் இருக்கு!"