ஏழாம் மாத ஸ்கேனும் நம் வீட்டுத் தலைகளும்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வணங்கி எழுதுவது. எல்லோரும் நலம் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். பாதி நலம், மீதியை டாக்டர் அடுத்த வாரம் சொல்வார். போனில் சொன்னால் உனக்குக் காது கேட்காது, எனக்கு அழுகை வந்துவிடும். அதனால்தான் கடிதம்.

என் மகளுக்கு ஏழாம் மாத ஸ்கேன். மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்காததால் நான்தான் கூடப் போனேன். டாக்டரம்மா வயிற்றின்மேல் கருவியை உருட்டி, திரையில் குழந்தையின் தலையைச் சுற்றிப் புள்ளிப் புள்ளியாக வட்டம் போட்டார், மூளைக்குள் நீர் நிற்கும் இடத்தை அளந்தார், பின்மூளையை அளந்தார், அளந்ததையே மறுபடி அளந்தார். “உள்ள எல்லாம் நல்லாத்தான் தெரியுது. ஆனா தலை அளவு மட்டும் மாசக் கணக்குக்கு மூணு வாரம் முந்திப் போகுது. உங்க குடும்பத்துல யாருக்காவது பெரிய தலையா?” என்றார். “சேச்சே, எங்க வீட்டுல யாருக்கும் இல்லை” என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டேன். அறுபது வருஷப் பழக்கம், வாய் தானாகச் சொல்லிவிட்டது. “அப்படின்னா இன்னும் சில டெஸ்ட் எடுக்கணும்” என்று அவர் முகம் மாறியதும், மகள் படுத்தபடியே என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். “மானம் போனா போகுதுப்பா, உண்மையைச் சொல்லுங்க!” அப்பாவில் தொடங்கி நம் எல்லோருக்கும் பெரிய மண்டைதான் என்று சொன்னேன். “பரம்பரையா வந்ததுன்னா பெரும்பாலும் கவலையில்லை. ரெண்டு பக்கமும் எல்லாரையும் அளந்துடலாம்” என்றார். நர்ஸ் அங்கேயே என் தலையைச் சுற்றி டேப்பைப் பிடித்து எழுதிக்கொண்டார். எவ்வளவு என்று கேட்கப் பயந்து வந்துவிட்டேன்.

வந்ததிலிருந்து அப்பா ஞாபகம்தான். பஸ் ஓட்டியவருக்குக் கம்பெனி கொடுத்த தொப்பி உச்சந்தலையில் கிண்ணம் மாதிரி உட்காருமே, அம்மா பின்தையலைப் பிரித்து எலாஸ்டிக் வைத்துத் தருவாளே! என் ஸ்வெட்டர் தலையில் மாட்டிக்கொண்டு இருட்டுக்குள் நான் அலறினால் நீதான் இழுப்பாய். “கத்தாதடா மண்டையா, வந்துடுச்சு, வந்துடுச்சு!” அப்போது எனக்கு அப்படி ஒரு கோபம் வரும். இப்போது அந்தச் சத்தத்தை ஒருமுறை கேட்டால் போதும் போலிருக்கிறது. நாம் வளர்ந்த அந்தத் தெருவில் இப்போது நம்மைத் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை.

ஆகவே, கோபித்துக்கொள்ளாமல், கொண்டையை அவிழ்த்துவிட்டு, புருவத்துக்கு மேலே டேப்பைச் சுற்றி அளந்து அனுப்பு. வயசைக் குறைக்கிற மாதிரி இதையும் குறைத்து எழுதிவிடாதே. பிள்ளையோட மூளை விஷயம் இது. நம்ம தலை பெரிசாவே இருக்கணும் அக்கா, ராத்திரி பகலா அதைத்தான் வேண்டிக்கிறேன்.

அத்தானுக்கு வணக்கம், உன் பேரப்பிள்ளைகளுக்கு என் ஆசி.

இப்படிக்கு,
முதன்முறையாகத் தன் தலையைப் பற்றிப் பெருமைப்படும்
உன் தம்பி

பி.கு.: உறையை ஒட்டப் போன நேரம் மகள் போன் செய்தாள். என் தலை வெகு சாதாரண அளவாம்! அடுத்த வாரம் வரை பொறுக்காமல் மாப்பிள்ளையும் அவர் அம்மாவும் இன்றைக்கே போக, அவர்களை அளந்ததும் டாக்டரம்மா சிரித்துவிட்டாராம். “இங்கிருந்துதான் வந்திருக்கு. மூளை நல்லா வளருது, பயப்படாதீங்க” என்றாராம். உட்கார்ந்து அழுதேன், சந்தோஷத்தில்தான். கொஞ்சம் ஏமாற்றமும் உண்டு. அப்பாதான் வரப்போறார்னு ரெண்டு நாளா நினைச்சுட்டிருந்தேன். நீ ஒண்ணும் அளக்க வேண்டாம். தலையோட நேர்ல வந்துடு அக்கா. உன்னைப் பார்த்து ஒன்பது வருஷமாச்சு.