பத்துக்குப் பன்னிரண்டு பொருத்தம்

கம்பியூட்டர் திரையில் வந்து நின்றது நாலு. எஸ்டேட் ஆபீஸ் குமாஸ்தா, சின்ன கிராணி சிவானந்தம், மறுபடி அடித்துப் பார்த்தான்; அதே நாலு. பெரிய கிராணி அப்பளசாமி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: பத்துப் பொருத்தத்தில் ஆறு மார்க்காவது வந்தால் என் மகள் லீலாவதி உனக்கு, இல்லையென்றால் பேச்சே கிடையாது.

வினையை இழுத்துவிட்டுக்கொண்டவனே அவன்தான். எண்பத்தெட்டில், மலேசியாவின் அசாம் ஜாவா ஊர்ப் பக்கத்து அந்த எஸ்டேட் ஆபீசுக்குக் கம்பியூட்டர் வந்ததும், பத்துப் பொருத்தத்தையும் ஒரே மூச்சில் பார்த்துக் கூட்டும் அரே ஃபார்முலா ஒன்றை எழுதினான். அது ரயில் நீளம். வரிக்கு வரி அதை யார் அடிப்பது? 'பொருத்தம்' என்று பெயர் வைத்து, ஃபார்முலாவை அந்தப் பெயருக்குள் அடைத்தான். கட்டத்தில் பெயரை அடித்தால் போதும், மார்க் வந்து விழும். தொழிலாளர் குடியிருந்த லயத்துக் கல்யாணப் பேச்செல்லாம் அந்தக் கம்பியூட்டர் தாளுக்கு வந்து சேர்ந்தது. நட்சத்திரங்களை ஏற்றுவது ஆபீஸ் டைப்பிஸ்ட் லீலாவதியின் வேலை.

ஆசை வந்தால் கை சும்மா இருக்குமா? பெயரைத் திறந்து, ஃபார்முலாவின் வாலில் மூன்றைக் கூட்டினான். நாலு ஏழானது. அப்பாடா!

அப்பாடா என்ன அப்பாடா. அந்தப் பெயர்தான் தாள் முழுக்க இருந்ததே! எல்லா ஜோடிக்கும் மூன்று ஏறிவிட்டது. லயத்து முருகையா மகளுக்குப் பத்துக்குப் பன்னிரண்டு.

வியர்த்துப்போய் மறுபடி திறந்தான். மாப்பிள்ளை தன்னைப் போல மகம் நட்சத்திரமாக இருந்தால் மட்டும் மூன்று கூட்டு என்று மாற்றினான். மற்ற வரிகள் சமர்த்தாக இறங்கின. அவற்றில் ஒன்றே ஒன்று இறங்கவில்லை.

அதற்குள் அப்பளசாமி வந்து திரைமேல் குனிந்தார்.

"நம்ம லீலாவதிக்குக் கேட்டு வந்த ரவாங் ஊரு மாப்பிள்ளை தனபாலனுக்கு ஏழா? காலையில நாலுன்னு பாத்தேனே."

தனபாலனும் மகம்தான். சிவானந்தம் அதைக் கவனிக்கவே இல்லை.

"எனக்கும் ஏழுதாங்க," என்றான் ஈனக்குரலில்.

"இருக்கட்டும்யா. அவரு ஃபேக்டரி சூப்பர்வைசராச்சே."

ரவாங்குக்குப் போன் போட, நம்பரைத் தேடி வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். சிவானந்தம் வெறுத்துப்போய், கூட்டின மூன்றை அழித்தான். இரண்டு பேருக்கும் பழையபடி நாலு. லீலாவதி இனித் தனக்கில்லை.

தரையைக் கூட்டிக்கொண்டிருந்த நல்லம்மாள் திரையை எட்டிப் பார்த்தாள்.

"நாலாவே இருக்கட்டும் லா, தம்பி. நேத்து அந்த ரவாங்காரனுக்கு ஒம்பது வந்துருச்சுன்னுதானே, ஒங்களத்தான் கட்டிக்கணும்னு லீலாவதி பாப்பா தன்னோட நட்சத்திரத்தையே மாத்தி அடிச்சிட்டுப் போச்சு."