விசிலுக்கு நகர்ந்த செம்பருத்தி

செடி நடுவதற்கு முன்னால் ஆட்களை நட்டுப் பார்த்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் திண்டிவனத்தில், எங்கள் தெருவில் இருக்கிறார். தோட்டக்கலைப் புத்தகங்கள் நிறையப் படித்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: எந்த நாட்டுப் புத்தகத்திலும் இந்த முறை கிடையாது.

அவருடைய பெயர் கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவருக்கு மட்டும் தெரியும். எங்களுக்கு அவர் டைம்கீப்பர். விழுப்புரம் பேருந்து நிலையத்தில் வண்டிகளை நேரத்துக்குக் கிளப்பிவிடும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வேலை முடிந்தது, கழுத்திலிருந்த விசில் மட்டும் இறங்கவில்லை. பால்காரர் தாமதித்தால் ஒரு விசில். தெருநாய் நடுவழியில் படுத்தால் இரண்டு. இட்லி வர நேரமானால் சமையலறையைப் பார்த்து நீளமாக ஒன்று. உள்ளிருந்து அவர் மனைவி சரசு அக்காவின் பதில் வரும்:

"இந்த பஸ்ஸு பிரேக்டவுனு. வேற வண்டி பாத்துக்கோங்க!"

இப்படிப் பேசுகிற சரசு அக்காவுக்குத் தெருவில் ஒரு கெட்ட பெயர் இருந்தது: கைராசி இல்லாதவர். புது வீட்டு வாசலில் அவர் வைத்த ரோஜா, மல்லி, செம்பருத்தி எல்லாமே இலை மஞ்சளாகிச் செத்தன. ஒரு சித்திரை மாதம், எதிர்வீட்டு பாக்கியம் அக்கா கறிவேப்பிலைக் கன்று நட்டுக்கொண்டிருந்தார். பிடித்துக்கொள்ளலாம் என்று சரசு அக்கா குனிந்தார்.

"நீ தொடாத சரசு. உன் கை பட்டா நிக்காது."

சரசு அக்கா சிரித்துக்கொண்டேதான் உள்ளே போனார். இனி வாசலில் ஒரு செடிகூட வைப்பதில்லை என்று அன்றே முடிவெடுத்துவிட்டார்.

மறுநாள் காலை டைம்கீப்பர் கடப்பாரையோடு வெளியே வந்தார். வாசலில் ஒரு குழி தோண்டி, தண்ணீர் ஊற்றி, எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அடுத்த நாள் காலையிலும் தண்ணீர் மண்ணில் இறங்காமல் அப்படியே நின்றது.

"இன்னா சார், குளம் வெட்டிக்கினு இருக்கீங்களா?" என்றேன்.

"வண்டி கெளம்ப மாட்டேங்குது பாரு தம்பி. கீழ எவனோ ரூட்ட அடைச்சி வெச்சிக்கினு கீறான்!"

தோண்டினார். சிமெண்டுக் கட்டி வந்தது. உடைந்த டைல்ஸ் வந்தது. மேஸ்திரியின் ஒற்றைச் செருப்பு வந்தது. கடைசியில், கல்லாகிப் போன முழு சிமெண்டு மூட்டை ஒன்று வந்தது. வீடு கட்டி மிஞ்சியதையெல்லாம் வாசலில் புதைத்து, மேலே ஒரு சாண் மண் தூவிவிட்டுப் போயிருக்கிறார்கள். டைம்கீப்பர் அந்த மூட்டையைத் தெரு நடுவில் உருட்டிவிட்டு விசில் ஊதினார். எல்லாக் கதவுகளும் திறந்தன.

"பாத்துக்குங்க! இது மேல எந்த மகராசி கை வெச்சாலும் செடி வருமா?"

பாக்கியம் அக்கா மசியவில்லை. "மண்ண மாத்திக்கோங்க, வேணாங்கல. கை அதே கைதானே?"

வானூர்ப் பக்கமிருந்து ஒரு டிராக்டர் செம்மண் வந்தது. டைம்கீப்பர் அதில் மாட்டெரு கலந்து, தண்ணீர் தேங்காதபடி பாத்தியை மேடாக்கினார். தண்ணீர்க் குழாயை வளைத்துப் போட்டு ஓரம் குறித்தார். வளர்ந்த செடி எவ்வளவு இடம் பிடிக்கும் என்று பார்க்க, ஒரு ஞாயிற்றுக்கிழமை தெருவையே அழைத்தார்.

உயரமானவன் என்பதால் நான் சுவரோரம் அரளி. வங்கியில் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டுக்காரர் நடுவரிசையில் செம்பருத்தி. குட்டையான பாக்கியம் அக்கா முன்வரிசையில் இட்லிப்பூ.

"எல்லாரும் கைய விரிங்க! வளந்தா இவ்ளோ அகலம் வருவீங்க!"

"நான் ஏற்கெனவே வந்துட்டேங்க!" என்றார் பாக்கியம் அக்கா.

"செம்பருத்தி, பின்னாடி வா... வா... ஹோல்டான்! அரளி மேல இடிக்காத!"

பாத்தியின் நடுவில் ஓர் ஆள் நிற்கும் அளவு இடம் காலியாக இருந்தது. செம்பருத்தி அங்கே நகரப் பார்த்தபோது விசில் அலறியது.

"அங்க யாரும் நிக்கக் கூடாது. அது ரிசர்வு!"

ஆடிப்பெருக்கன்று கன்றுகள் வந்தன. சரசு அக்கா கதவுக்குப் பின்னால் நின்றார்.

"வேணாங்க. இதுவும் போச்சின்னா தெருவே சிரிக்கும். பேஜாரா பூடும்."

"போவாது. ரூட்டு கிளியர். ஜல்தி வா சரசு."

ஒவ்வொரு கன்றையும் சரசு அக்காதான் வைத்தார். மண் காயாமலிருக்க மேலே மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, தோலைப் பரப்பினார் டைம்கீப்பர்.

ஐப்பசி மழையில் தெருவே மிதந்தது. பாத்தியில் மட்டும் ஒரு சொட்டு தேங்கவில்லை. தை பிறந்தபோது இட்லிப்பூ கொத்துக் கொத்தாக, செம்பருத்தி தட்டுத் தட்டாக, அரளி சுவருக்கு மேலே. அந்த வாரம் பாக்கியம் அக்கா புதிய கறிவேப்பிலைக் கன்றோடு வந்தார். பழையது பட்டுப்போயிருந்தது. அவர் வீட்டையும் கட்டியது அதே மேஸ்திரிதான்.

"சரசு, நீயே வந்து வெச்சிக் குடேன்."

சரசு அக்கா இடுப்பில் கைவைத்தார். "மொதல்ல குழி தோண்டித் தண்ணி ஊத்துங்கக்கா. பாப்போம்."

டைம்கீப்பர் ஊதினார் பாருங்கள் ஒரு விசில். மெயின் ரோட்டில் போன இரண்டு பஸ்கள் நின்றுவிட்டதாகத் தெருவில் பேச்சு.

இப்போதும் மாலையில் சரசு அக்கா பூப்பறிக்க வந்து, பாத்தி நடுவில் ரிசர்வ் செய்த அந்த இடத்தில் நெடுநேரம் நிற்கிறார். எத்தனையோ வண்டிகளை நேரத்துக்குக் கிளப்பிவிட்ட டைம்கீப்பர், நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்கிறார். அப்போது மட்டும் விசிலை எடுப்பதே இல்லை.