லெசோத்தோ மாஸ்டரும் தகனசாலைப் பொத்தானும்

உலகத்தில் உள்ள சகல நோய்க்கும் லெசோத்தோவில் மருந்து இருக்கிறது என்று மனதார நம்பிய ஒரே தமிழர் எங்கள் மாஸ்டர்தான். மொன்றியலில் கோயில் கூரை ஒழுகினாலும், மெட்ரோ பழுதாகிச் சுரங்கத்துக்குள் நின்றாலும், தமிழில் கேட்ட கேள்விக்குப் பிள்ளைகள் பிரெஞ்சில் பதில் சொன்னாலும், அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "லெசோத்தோவில என்ன செய்தவங்கள் தெரியுமோ?" என்று தொடங்குவார். தெரியாது என்று சொன்னால் ஒரு மணித்தியாலம். தெரியும் என்று சொன்னால் இரண்டு. நாங்கள் தெரிந்துவைத்திருப்பது பிழை என்று முதலில் நிறுவ வேண்டும் அல்லவா?

அது தென்னாபிரிக்காவின் வயிற்றுக்குள் கிடக்கும் ஒரு சின்ன மலைநாடு. மாஸ்டர் யாழ்ப்பாணத்திலிருந்து போய் அங்கே ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தவர். படிப்பித்த காலத்தைவிட அதைப் பற்றிப் பேசிய காலம் பல மடங்கு அதிகம். அவருக்கென்று ஒரு பெயர் கட்டாயம் இருந்திருக்கும். லெசோத்தோ மாஸ்டர் என்று கூப்பிட்டுப் பழகியதில் அது எங்களுக்கும் தேவைப்படவில்லை, அவருக்கும் தேவைப்படவில்லை.

பனிக்காலம் வந்தால் வேட்டிக்கு மேலே அந்த நாட்டுக் கம்பளிப் போர்வையைப் போர்த்தி, தோளில் ஒரு பெரிய ஊக்கைக் குத்திக்கொண்டு கோயிலுக்கு வருவார். சூரன்போருக்கு வேஷம் கட்டி வந்த ஆள் என்று நினைத்து ஒரு சின்னப் பெட்டைப்பிள்ளை அவரைக் கும்பிட்டது. நாங்கள் மூக்குச் சிவந்து, பல்லுக் கிட்டித்து நிற்கும்போது, இதெல்லாம் ஒரு குளிரா, லெசோத்தோ மலையில் கொட்டும் பனியைப் பார்த்தால் நீங்கள் செத்துப்போவீர்கள் என்று எங்களுக்கு ஆறுதல் சொல்லுவார்.

குடியிருந்தது மொன்றியலை ஒட்டிய இல்-பிசார் தீவில், மகன் வீட்டில். அந்தத் தீவில் பஸ் என்பது எப்போதாவது காணக் கிடைக்கும் ஒரு காட்சி. ஆகவே மாஸ்டரை யாராவது காரில் ஏற்றி இறக்க வேண்டும். நான் கோயில் நிர்வாகசபையில் இருந்தேன், என்னிடம் கார் இருந்தது, முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்லத் தெரியாத வியாதியும் இருந்தது. ஆண்டவன் அளந்துதான் கொடுக்கிறான்.

மாஸ்டருக்கு மிகப் பிடித்த பாடம் பெண்கள். அதாவது, லெசோத்தோப் பெண்கள். ஆண்கள் எல்லோரும் அயல்நாட்டுச் சுரங்கங்களுக்கு வேலைக்குப் போய்விட்டார்களாம். பெடியன்கள் மலையில் மாடு மேய்த்தார்களாம். பள்ளிக்கூடத்துக்கு வந்தது பெரும்பாலும் பெட்டைகளாம். ஒரு செத்தவீடு வந்தால், தேவாலயத்துப் பெண்கள் சீருடைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து, தாங்களே செபம் சொல்லி, தாங்களே பிரசங்கம் வைத்து, தாங்களே அடக்கம் செய்து முடிப்பார்களாம். பிறகு சுரங்கங்களில் ஆட்களைக் குறைத்தபோது ஆண்கள் வேலையிழந்து ஊர் திரும்பினார்கள். வந்து பார்த்தால் தேவாலயக் கதவுத் திறப்பு பெண்களின் இடுப்பில் தொங்குகிறது. தாருங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். பெண்கள் கொடுக்கவில்லை. அதற்கு முன்பு புருஷன் கையெழுத்து இல்லாமல் ஒரு வங்கிக் கணக்குக்கூடத் திறக்க முடியாமல் இருந்த பெண்கள் அவர்கள். பின்னர் சட்டமும் மாறியது என்று மாஸ்டர் மேசையில் குத்திச் சொல்லுவார்.

இப்படிப் பெண் விடுதலை பற்றிப் பேசிப் பேசி அவருக்குத் தொண்டை வறண்டுவிடும். வறண்டால் அன்ரி தேத்தண்ணி கொண்டுவந்து வைப்பா. அன்ரி என்றால் மாஸ்டரின் மனைவி. அவவும் அதே லெசோத்தோவில் அதே காலம் இருந்தவதான். ஆனால் அந்த வீட்டில் ஒருவருக்குத்தான் பேச நேரம் இருந்தது; மற்றவருக்கு அடுப்பில் வேலை இருந்தது. எப்போதாவது கோப்பையை வைக்கும்போது ஒரு வசனம் சொல்லிவிட்டுப் போவா. அங்கேயும் ஊர்த் தலைமைப் பதவி மகளுக்குப் போகாது, அதையும் சேர்த்துச் சொல்லுங்கோவன் என்று ஒருநாள் சொன்னது ஞாபகம். மாஸ்டருக்கு அது கேட்கவில்லை. அவருக்குக் காது நல்லாக் கேட்கும்.

கோயில் பொதுக்கூட்டத்தில் ஆண்டுதோறும் அவர் எழும்புவார். நிர்வாகசபையில் பெண்களைச் சேர்க்க வேண்டும் என்பார். பெண்கள் விஷயத்தில் எங்கள் கோயிலில் ஒரு குறையும் கிடையாது. அன்னதானச் சமையலறை முழுவதையும் அவர்களுக்கே விட்டுக்கொடுத்திருந்தோம்; ஒரு ஆண்கூட அதற்குப் போட்டி போட்டதில்லை. எங்கள் தலைவர் இதைத்தான் பொறுமையாக எடுத்துச் சொல்லுவார். மாஸ்டர் லெசோத்தோவுக்குப் போவார். கூட்டம் வடை சாப்பிடப் போகும்.

போன பனிக்காலம் சரசக்கா செத்துப்போனா. தலைவருக்குக் கூடப்பிறந்த தங்கச்சி. டவுன்டவுனில் ஒரு உணவகத்துக் குசினியில் இரவு வேலை செய்தே ஒற்றை மகளை வளர்த்தவ. புருஷன் போர்க்காலத்தில் போனவர், திரும்பவில்லை. மகள் சுகந்தி இப்போது மருத்துவமனையில் தாதி. கடைசி மாதங்களில் தாயைத் தூக்கி, துடைத்து, ஊட்டிவிட்டதெல்லாம் அவள்தான். தாய்க்குக் கொள்ளி தானே வைக்க வேண்டும் என்று சுகந்தி கேட்டாள். அவள் கேட்டது அவ்வளவுதான்.

இங்கே கொள்ளி என்பது என்ன? தகனசாலையில் சுவரில் ஒரு பொத்தான் இருக்கும். அதை அமத்த வேண்டும். மின்தூக்கியில் ஏறும்போது நாங்கள் எல்லோரும் செய்வதுதான். ஆனால் அதற்கு ஒரு ஆண்பிள்ளையின் விரல் வேண்டும் என்று சாத்திரம் சொல்வதாகத் தலைவர் சொன்னார். அந்தச் சாத்திரம் எழுதிய காலத்தில் பொத்தான் இருந்ததா என்று கேட்க எனக்கு வாய் வந்தது, துணிவு வரவில்லை. மகன் இல்லாவிட்டால் பெறாமகன். ரொறன்ரோவில் அப்படி ஒரு பெறாமகன், புருஷனின் தம்பி மகன், இருந்தான். சரசக்காவை அவன் ஒரே ஒரு கலியாணவீட்டில் பார்த்திருக்கிறான். அதுவும் எந்த அன்ரி என்று அவனுக்குச் சரியாக நினைவில்லை. ஆனால் ஆண். விரலும் இருந்தது.

சுகந்தி மாஸ்டருக்குத் தொலைபேசி எடுத்தாள். மாமாவிடம் பேச வேறு ஆள் இல்லை என்று அழுதாளாம். தான் பார்த்துக்கொள்வதாக மாஸ்டர் வாக்குக் கொடுத்து, கூடவே லெசோத்தோவும் கொஞ்சம் கொடுத்திருக்கிறார். பேசிப் பேசியே பழுத்த மனுஷருக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தப் பேச்சு ஒருத்திக்குத் தேவைப்பட்டது.

உடலைப் பார்வைக்கு வைத்த அன்று பின்னேரம் பனிப்புயல். நெடுஞ்சாலையை மூடிவிட்டார்கள், பெறாமகனால் வர முடியாது என்று செய்தி வந்தது. சுகந்தியின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததை நான் பார்த்தேன். தலைவரும் பார்த்திருக்க வேண்டும். உடனே நேரே மாஸ்டரிடம் வந்தார். மாஸ்டர் ஆண், மூத்தவர், சைவர். வேறு என்ன தகுதி பார்த்தார்கள் என்று கேட்காதீர்கள், அதற்குத் தனிக் கட்டுரை வேண்டும். எல்லாருக்கும் முன்னால் கையைப் பிடித்து, குடும்பத்துக்கு மூத்த ஆளாக நின்று நீங்கள்தான் கொள்ளி வைத்துத் தர வேண்டும் என்று கேட்டார்.

மண்டபம் முழுவதும் லெசோத்தோவுக்காகக் காத்திருந்தது. நான் கதிரையில் சரியாகச் சாய்ந்துகூட உட்கார்ந்துவிட்டேன்.

"ஓம் தம்பி, வைக்கிறன்," என்றார் மாஸ்டர்.

சுகந்தி அவரை ஒருமுறை பார்த்தாள். பிறகு போய்த் தாயின் கால்மாட்டில் நின்றுகொண்டாள்.

அன்று இல்-பிசார் வரைக்கும் மாஸ்டர் வாய் திறக்கவில்லை. என்னுடைய காரின் ஹீட்டருக்கு ஒரு இரைச்சல் உண்டு என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. பின் ஆசனத்தில் அன்ரி யன்னலைத் துடைத்துத் துடைத்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தா. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. வருஷக்கணக்காக இந்த மனுஷருக்குச் சாரதி வேலை பார்த்தது இதற்குத்தானா என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன். பெருமை என்று ஒன்று நீட்டினால் வாங்காமல் விடாத ஆள் என்று எனக்கு முதலே தெரிந்திருக்க வேண்டும்.

வீட்டுக்குள் போய் இருந்ததும் மாஸ்டர் வழக்கம்போலத் தேத்தண்ணி கேட்டார். அன்ரி இருந்த இடத்தை விட்டு அசையவில்லை.

"லெசோத்தோவில பொம்பிளையள் பிரசங்கம் எல்லே வைக்கிறவை. தேத்தண்ணியை நீங்களே போடுங்கோ."

மாஸ்டர் எழுந்து குசினிக்குப் போனார். அந்த வீட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து அவர் அந்தப் பக்கம் போனது அதுதான் முதல் தடவையாக இருக்கும். அலுமாரி ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். தேயிலை எங்கே இருக்கும் என்று என்னிடம் கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? கடைசியில் ஒரு கோப்பை சுடுதண்ணியைக் குடித்துவிட்டுப் படுக்கப் போனார்.

மறுநாள் கிரியைகள் எல்லாம் ஒழுங்காக நடந்தன. மாஸ்டர் தர்ப்பை போட்டுக்கொண்டு ஐயர் சொன்னதையெல்லாம் செய்தார். சுகந்தி பின்வரிசையில், மற்றப் பெண்களோடு. தகனசாலையின் அந்தச் சின்ன அறைக்குள் நாங்கள் சிலர்தான் போக முடிந்தது. அங்கே வேலை செய்வது ஒரு கியூபெக்காரப் பெண். அடுப்பைச் சூடாக்குவது, பெட்டியைத் தள்ளுவது, கதவைப் பூட்டுவது, பிறகு சாம்பலைக் கூட்டி அள்ளிக் கொடுப்பது எல்லாம் அவள்தான். அவளும் ஒரு பெண் என்பது அந்த அறையில் இருந்த சாத்திரக்காரர் ஒருவருடைய கண்ணிலும் படவில்லை. அவள் பொத்தானைக் காட்டிவிட்டு ஒதுங்கி நின்றாள்.

மாஸ்டர் கையை உயர்த்தினார். கை நடுங்கியது. சும்மா நடுக்கம் இல்லை. பொத்தான் ஒரு பக்கம், விரல் ஒரு பக்கம். லெசோத்தோ மலையெல்லாம் ஏறி இறங்கிய உடம்பு என்று எங்களிடம் மார்தட்டிய மனுஷர் எல்லாருக்கும் முன்னால் நோஞ்சான் கிழவனாக நின்றார்.

"ஐயா, கை சொல்வழி கேக்குதில்லை. பிழைச்சுப்போனாப் பாவம். ஆராவது ஒரு ஆள் என்ர கையைப் பிடிச்சா நான் அமத்துவன்."

தலைவர் முன்னுக்கு வந்தார். அண்ணன் தங்கச்சிக்கு வைப்பதில்லை தம்பி, அது சாத்திரம் என்று மாஸ்டர் தடுத்தார். அப்படி ஒரு சாத்திரம் இருப்பதாக அதற்கு முன்பும் நான் கேட்டதில்லை, பிறகும் கேட்டதில்லை. தலைவர் ஐயரைப் பார்த்தார். ஐயருக்குப் பின்னேரம் இன்னொரு செத்தவீடு. ஓம் ஓம், ஆராவது கெதியாப் பிடியுங்கோ என்றார்.

"பிள்ளை சுகந்தி, நீ தாதியெல்லே. வந்து பிடி."

அவள் வந்து, நடுங்கும் அந்தக் கையைப் பிடித்தாள். இரண்டு கையும் சேர்ந்து பொத்தானுக்குப் போயின. பொத்தானைத் தொடுகிற நேரத்தில் மாஸ்டர் தன்னுடைய கையை மெல்ல உருவி எடுத்துக்கொண்டார்.

சுகந்திக்கு விளங்க ஒரு கணம் எடுத்தது. பிறகு அமத்தினாள். கதவு மூடிய பிறகும் உள்ளங்கையை அதிலிருந்து எடுக்கவில்லை. அந்தக் கியூபெக்காரப் பெண் அருகே வந்து தோளைத் தொட்டு, "மெர்சி, மடாம்" என்று நன்றி சொல்லும்வரை அப்படியே நின்றாள். தாயைத் தானே அனுப்பிவைத்துவிட்டாள்.

மாஸ்டர் முதல் நாளே முடியாது என்று சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்? தலைவர் அடுத்த ஆளைப் பிடித்திருப்பார். அந்த மண்டபத்தில் ஆண்களுக்கா பஞ்சம்? இது எனக்கு உறைத்தது வெளி நடைபாதையில். மாஸ்டர் ஒற்றைக் காலில் நின்றபடி பனிச் சப்பாத்தின் நாடாவை இரட்டை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். விரல்கள் ஒரு தையல்காரனுடையவை போல ஓடின. நான் பார்ப்பதைக் கண்டதும் நடுங்கத் தொடங்கின. அந்த நேரம் தலைவர் வந்தார்.

"எப்ப தொடக்கம் கை இப்பிடி, மாஸ்டர்?"

"இண்டைக்குக் காலமை தொடக்கம்."

தலைவர் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். என்ன நினைத்தாரோ, மாஸ்டரின் போர்வையை எடுத்துத் தோளில் போட்டுவிட்டுப் போனார். அன்று வீட்டில் மாஸ்டர் கேட்காமலே அன்ரி தேத்தண்ணி போட்டுக் கொடுத்தா. குடித்து முடித்ததும் கோப்பையைக் கழுவி வைக்கச் சொன்னா. கழுவி வைத்தார்.

பொய் ஒன்றைச் சொல்லிவிட்டால் அதற்குத் தீனி போட வேண்டும். அன்றிலிருந்து மாஸ்டர் கோயிலுக்கு வரும்போதெல்லாம் நடுங்க வேண்டியிருக்கிறது. இல்லாவிட்டால் எல்லாம் முதலே திட்டம் போட்டுச் செய்தது என்று சொல்லி, சுகந்தியின் மேல் பாய நாலு பேர் காத்திருக்கிறார்கள். பாவம், வயது போய்விட்டது என்று பெண்கள் உச்சுக்கொட்டுகிறார்கள். ஒருவர் மூலிகை எண்ணெய் கொண்டுவந்து கொடுத்தார். பொதுக்கூட்டத்தில் அவர் எழும்பினால், உடம்புக்கு ஏலாது, இருங்கோ மாஸ்டர் என்று இருத்திவிடுகிறார்கள். அப்படிப்பட்ட தற்பெருமைக்காரர் இதையெல்லாம் வாய் திறக்காமல் வாங்கிக்கொள்கிறார். ஒரேயொரு குறை, எந்தக் கை என்பது அவருக்கு அடிக்கடி மறந்துபோகிறது. சில வெள்ளிக்கிழமைகளில் இடது கை நடுங்கும்.

போன வெள்ளி இரண்டுமே நடுங்கவில்லை. நிறைந்த பாயசக் கோப்பையை ஒரு சொட்டும் சிந்தாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பெரிய பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்றுக்கு லெசோத்தோ சொல்லிக்கொண்டு நின்றார். எதிர்ப்பக்கத்திலிருந்து தலைவர் வந்துகொண்டிருந்தார். நான் ஓடிப்போய், விழப்போகிற மனுஷரைத் தாங்குவதுபோல, அந்தக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.