யாரையும் நம்பாத பாகார் அண்ணன்

பினாங்கில் தன் நிழலையே ஆஃப்சைடு என்று சந்தேகப்பட்ட மனிதர் ஒருவர் உண்டென்றால், அவர் எங்கள் பாகார் அண்ணன்தான். மலாயில் பாகார் என்றால் வேலி. அவருடைய சொந்தப் பெயர் அவர் மனைவிக்காவது நினைவிருக்குமா என்பது எனக்குச் சந்தேகமே.

தற்காப்பு ஆட்டக்காரராக இருந்தவரை இந்தக் குணம்தான் அவருக்குப் பேர் வாங்கித் தந்தது. எதிரணிக்காரன் இடப்பக்கம் போவதுபோல் போக்குக் காட்டினால் நம்பமாட்டார். உண்மையாகவே வலப்பக்கம் போனாலும் நம்பமாட்டார். நின்ற இடத்திலேயே நிற்பார். பந்து கடைசியில் அவரிடம்தான் வந்து சேரும். அடிபட்டு ஸ்ட்ரெச்சரில் போனவனைக்கூடக் எல்லைக்கோட்டைத் தாண்டும்வரை விடாமல் காவல் காத்தவர்.

முழங்கால் போனதும் எங்கள் அடுக்குமாடி அணிக்கு மேனேஜர் ஆனார். வந்தது வினை. யார் ஆடப்போகிறோம் என்பதை ஒவ்வொருவர் காதிலும் தனித்தனியாகத்தான் சொல்வார். ஒருமுறை பன்னிரண்டு பேர் திடலில் இறங்கிவிட்டோம். நடுவர் ஒருவனைத் திருப்பி அனுப்பியதும், "அந்த ஆளு ஏன் எண்ணிப் பாக்குறாரு? யாரோ சொல்லிக் குடுத்திருக்காங்க!" என்றார்.

போன வருஷம் கிண்ண இறுதியாட்டத்துக்கு வந்தோம். எதிரணி தாசேக் கெலுகோர். எங்கள் கோல் மன்னன் குணா, அந்த அணியின் மேனேஜரோடு சூலியா தெருக் கடையொன்றில் சாப்பிட்டுக்கொண்டிருந்ததாக யாரோ சொல்லிவிட்டார்கள். அடுத்த வாரம் பாகார் அண்ணன் கறுப்புக் கண்ணாடி, தொப்பி சகிதம் அதே கடையில், அவர்கள் மேசைக்குப் பின்னால், சீனப் பத்திரிகை ஒன்றை விரித்துப் பிடித்து உட்கார்ந்துவிட்டார்.

"பாகார் அண்ணே, சீனம் எப்போ படிச்சீங்க?" என்று கடைக்காரர் உரக்கக் கேட்டார். நல்லவேளை, குணாவும் அந்த மேனேஜரும் அதற்குள் கிளம்பிவிட்டிருந்தார்கள்.

கணுக்கால் சுளுக்கோடு வீட்டில் கிடந்த என்னிடம் மூச்சிரைக்க வந்தார். "டே, குணாவுக்கு மோதிரம் குடுக்கப் போறாங்களாம். என் காதால கேட்டேன். வெறும் காசு இல்லடா, தங்க மோதிரம்!"

குணாவைக் கூப்பிட்டுக் கேட்டோம். அவன் வெட்கத்தோடு தலையைச் சொறிந்தான்.

"அண்ணே, அவரு பொண்ணத்தான் கட்டிக்கப் போறேன். நிச்சய மோதிரம்."

பாகார் அண்ணன் முகம் இன்னும் இருண்டது. "இது அதவிட மோசம்லா. லஞ்சம் வாங்கினவன் ஒரு ஆட்டம்தான் விட்டுக்குடுப்பான். மருமகன் ஆயுசுக்கும் விட்டுக்குடுக்கணும்."

இறுதியாட்டத்தில் குணாவைப் பெஞ்சில், எனக்கும் தனக்கும் நடுவில் உட்காரவைத்துக்கொண்டார். மழை வேறு. ஒரு கோல் பின்தங்கிய பிறகு வேறு வழியில்லாமல் இறக்கினார். ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் குணாவைக் காலை வாரிவிட்டார்கள். பெனால்டி!

"வேற ஆள விடுங்கண்ணே!" என்று எங்கள் பக்கம் முழுக்கக் கத்தியது. எதிர்ப்பெஞ்சில் வருங்கால மாமனார் எழுந்து நின்றார். குணா பந்தைக் கையில் வைத்துக்கொண்டு எங்களையே பார்த்தான்.

"நான் அடிக்கவா, வேணாமாண்ணே?"

பாகார் அண்ணன் எதிர்ப்பெஞ்சைப் பார்த்தார், குணாவைப் பார்த்தார். பிறகு, "அடிடா" என்றார். சொல்லிவிட்டுத் திடலுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

"என்னாண்ணே இது?"

"நான் மொறச்சுப் பாத்தா அவனுக்குக் கால் வராதுலா."

பந்து கம்பத்துக்கு மேலே பறந்து சாக்கடையில் விழுந்தது. அதோடு ஆட்டமும் முடிந்தது.

"மாமனாருக்கு மொய் வச்சிட்டான்" என்று பின்னால் ஒருவன் முணுமுணுத்தான்.

பாகார் அண்ணன் சட்டென்று திரும்பினார். "வாய மூடு! ஈரத்துல கால் வழுக்கிருச்சு. அவன் நல்லாத்தான் அடிச்சான்."

"நீங்கதான் பாக்கவே இல்லையே?" என்றேன்.

"அதுக்கு எதுக்குடா பாக்கணும்?"

முழங்காலை இழுத்து இழுத்துத் திடலுக்குள் நடந்தார். குணா சேற்றில் தலைகவிழ்ந்து உட்கார்ந்திருந்தான். அவன் அழுகிறானா, நடிக்கிறானா என்று குனிந்து ஒருமுறை உற்றுப் பார்த்தார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து, அவன் தலையைத் துவட்டிவிட ஆரம்பித்தார்.